சண்முகக்கனியின் இணைநிழல்

மூன்று வாரத்துக்கு முன்பு ஆழித்துறை அரசு மருத்துவமனையில் தேவசகாயம் என்கிற ஆட்டோ டிரைவர் இறந்துபோனார். ஐம்பத்தாறு வயது. நுரையீரலில் பிடித்த தொற்று ரத்தத்தில் கலந்து ஒன்றரை நாளில் ஆளை முடித்துவிட்டது. அவசரப் பிரிவில் அவரைப் பார்த்தவள் டாக்டர் சுகிர்தா. செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்தாள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மகள் திரும்பி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். கையில் ஒரு விண்ணப்பம் இருந்தது.

"அப்பாவோட இணைநிழல் அறிக்கை வேணும் டாக்டர். குடும்பத்துல கேட்டா கொடுக்கணும்னு சட்டமாமே."

"ஆமா. ஆனா அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கையெழுத்து வாங்கும்போது என்னவோ சொன்னாங்க. அப்போ எதுவும் மண்டையில ஏறல."

சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். "ரத்தத்துல கிருமி கலந்து பிரஷர் இறங்கி வர்றவங்களுக்கு முதல்ல நரம்பு வழியா தண்ணி ஏத்துவோம். அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு சாதா உப்புநீர். சலைன்னு சொல்லுவோம். இன்னொண்ணு ரிங்கர் லாக்டேட். அதுல உப்பு கொஞ்சம் கம்மி, நம்ம ரத்தத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல வரும். ரெண்டுமே ரொம்ப காலமா போடுறதுதான். ஆரம்பத்துலேயே போடுறதுக்கு எது மேலுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு. யாருக்கு எந்தத் தண்ணின்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கின மாதிரி எடுத்துக் கொடுக்கும். அதே நேரத்துல உங்கப்பாவோட ரத்தம், இதயம், கிட்னி எல்லாத்தையும் அளந்து, அவரை மாதிரியே இன்னொருத்தரைக் கணக்கால உண்டாக்கும். அந்த இன்னொருத்தருக்கு மத்த தண்ணி போகும். அவர்தான் இணைநிழல்."

"அவர் என்ன ஆனார்?"

திரையில் இருந்ததை சுகிர்தா ஏற்கெனவே படித்திருந்தாள். ஆய்வில் நோயாளியின் பதிவை முடிக்கிற வரைக்கும் இணைநிழல் பூட்டித்தான் இருக்கும். முடித்ததும் தானாகத் திறந்துகொள்ளும்.

"பிழைச்சுக்கிட்டார்னு காட்டுது. ஆனா இது கணக்குதான். எவ்வளவு தூரம் சரின்னு இன்னும்..."

"அந்த இன்னொரு தண்ணி அன்னைக்கு இங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"அதே அலமாரியில. கீழ்த்தட்டுல."

மகள் அறிக்கையை வாங்கினாள். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து சுகிர்தாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு பையை எடுத்து மாட்டும்போதெல்லாம் கண் இன்னொரு தட்டுக்குப் போகும். நோயாளியின் முகத்தைப் பார்க்கிற நேரம் குறைந்தது. எண்களைப் பார்க்கிற நேரம் கூடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாயில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். பெயர் சண்முகக்கனி, முப்பத்தெட்டு வயது, உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. கூட வந்தவன் அவள் புருஷன் லிங்கதுரை. நாலு நாளைக்கு முன்னால் பாத்தியில் இறங்கியபோது வலது பாதத்தில் உப்புக்கல் கிழித்திருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று நாளும் வேலைக்குப் போயிருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் குளிர் நடுக்கம் கண்டிருக்கிறது. காலையில் எழுப்பினால் பேச்சு குழறியது.

சுகிர்தா கைநாடியைத் தொட்டுப் பார்த்தாள். நூல் மாதிரி ஓடியது. பிரஷர் எழுபதுக்கு நாற்பது. நிமிடத்துக்கு நூற்று முப்பத்தாறு துடிப்பு. கை கால் சில்லென்று இருந்தது. பாதத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் காயம். சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது.

"கோமு சிஸ்டர், ரத்தம் எடுத்துடுங்க. எடுத்த கையோட ஆன்டிபயாட்டிக் போகட்டும். காயத்தைக் கழுவி டிரெஸ்ஸிங் போட்டுடுங்க."

கோமு என்கிற கோமதி அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். சொல்வதற்கு முன்பே பாதியைச் செய்து முடித்திருப்பாள். அவள் காயத்தைக் கழுவி, பாதத்தில் வெள்ளைத்துணி சுற்றி, குளிர் நடுங்குகிறாளே என்று இடுப்புவரை கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். அதற்குள் ஆய்வு இயந்திரம் வயர்களைக் கேட்டு, ரத்தத்தைக் கேட்டு, லிங்கதுரையின் கையெழுத்தையும் கேட்டு வாங்கிவிட்டு ஒரு வரி எழுதியது. சலைன்.

லிங்கதுரை பையின் மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"என்னது டாக்டரம்மா இது?"

"உப்புநீர்."

"இருவது வருசமா உப்புலதான் நிக்கா. இப்பவும் உப்பத்தான் ஏத்தணுமா?"

"ரத்தத்துல இருக்குற அளவுக்குக் கொஞ்சம்தான். வெளியே உட்காருங்க அண்ணே, கூப்பிடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர அந்தக் கேள்வி அவளை விடவில்லை. முதல் பை வேகமாக இறங்கியது. பிரஷர் தொண்ணூறைத் தொட்டது. பத்தரைக்கு இரண்டாவது பையை மாட்டினார்கள். பதினொரு மணிக்கு பிரஷர் திரும்பவும் இறங்கத் தொடங்கியது. எண்பத்தாறு, எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு. சிறுநீர்ப் பையில் ஒரு சொட்டு இல்லை. ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தது. பிரஷரைத் தூக்கும் மருந்தைக் கழுத்து நரம்பு வழியாகத் தொடங்கினாள். அது எண்ணைக் கொஞ்சம் தூக்கி வைத்தது. இருபது நிமிடத்தில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று, அப்புறம் இன்னொரு தடவை.

சுகிர்தா கீழ்த்தட்டைப் பார்த்தாள். ரிங்கர் பைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

அவள் மாற்றலாம். நோயாளிக்கு ஆகாது என்று டாக்டருக்குப் பட்டால் எந்த நிமிடமும் தண்ணீரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆய்வு விதியே சொல்கிறது. ஆனால் அவளுக்கு எதுவும் படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. முன்பெல்லாம் இப்படி ஒரு நோயாளி பக்கத்தில் நின்றால் ஏதோ ஒன்று உள்ளிருந்து சொல்லும். இன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற இன்னொரு சண்முகக்கனியைத்தான் மனசு தேடியது. அவளுக்கு இப்போது என்ன பிரஷர்? அவளுக்குச் சிறுநீர் போகிறதா?

பன்னிரண்டு மணிக்கு சென்னைக்குப் போன் போட்டாள். ஆய்வின் தலைவர் டாக்டர் பரஞ்சோதி உடனே எடுத்தார்.

"சார், ஒரு இணைநிழலை நடுவுல திறக்கணும்."

"ஏன்?"

"நோயாளி போயிட்டிருக்காங்க. முப்பத்தெட்டு வயசு."

"தண்ணியை மாத்தணும்னு நினைச்சா மாத்துங்க சுகிர்தா. யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

"மாத்துறது சரியான்னு தெரியணும் சார்."

"அது இணைநிழலுக்குத் தெரியும்னு யார் சொன்னது?" அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "கேளுங்க. இந்த ஆய்வுல ரெண்டு கேள்வி இருக்கு. எந்தத் தண்ணி மேல்ங்கிறது ஒண்ணு. இந்தக் கணக்கை நம்பலாமாங்கிறது இன்னொண்ணு. நீங்க நடுவுல பாத்து, அது சொன்னபடி செஞ்சிட்டீங்கன்னா, ரெண்டாவது கேள்விக்கு அந்த நோயாளிகிட்டேருந்து பதிலே வராது. அப்படி நூறு டாக்டர் பாத்தா முதல் கேள்விக்கும் வராது. அடுத்த பத்து வருஷமும் இப்படியே குலுக்கிப் போட்டுக்கிட்டுதான் இருப்போம்."

"அந்தப் பத்து வருஷத்து ஆளுங்க என் முன்னாடி இல்ல சார். இவங்க இருக்காங்க."

"தெரியுது. இதுவரை பதினேழு பேர் திறந்திருக்காங்க. அவங்க எல்லார்கிட்டயும் பேசியிருக்கேன். அதுக்கப்புறம் ஒருத்தரால கூடத் திறக்காம வேலை பாக்க முடியல. அதையும் யோசிச்சுக்குங்க."

"விதியில இடம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ரெண்டு கையெழுத்து வேணும்."

போனை வைத்துவிட்டு சுகிர்தா கோமுவைப் பார்த்தாள். கோமு ஒன்றும் கேட்காமல் வந்து திரையில் விரலை வைத்தாள். சுகிர்தாவும் வைத்தாள். பூட்டு திறந்தது.

கணக்கில் நேரம் வேகமாக ஓடும். உள்ளே இருந்த சண்முகக்கனி ஏற்கெனவே இன்றைய சாயங்காலத்தை எட்டியிருந்தாள். அவளுக்கு ரிங்கர் போயிருந்தது. அமிலம் கொஞ்சம் குறைவு. மற்றபடி பிரஷர் இதே மாதிரி ஏறி, இதே மாதிரி இறங்கி, மருந்துக்கு மேல் மருந்து கூட்டிக்கொண்டே போய், ஒரு இடத்தில் கோடு தரையைத் தொட்டிருந்தது. பக்கத்தில் நேரம் போட்டிருந்தது. மாலை ஆறு நாற்பது.

சுகிர்தா அந்த நேரத்தை இரண்டு தடவை படித்தாள். ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை அவள் பின்னால் பல நாள் நினைத்து வெட்கப்பட்டாள். தவறான தண்ணீரைக் கொடுத்துவிடவில்லை. இந்தத் தடவை யாரும் வந்து எந்த அலமாரி என்று கேட்க முடியாது.

"மாத்தணுமா டாக்டர்?" என்று கோமு கேட்டாள். கையில் ரிங்கர் பையை எடுத்து வைத்திருந்தாள்.

"வேண்டாம். அதுலயும் இறந்துடுறாங்க."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

கோமு பையைக் கீழே வைத்தாள். "அப்ப தண்ணி இல்லையே டாக்டர் விஷயம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சுகிர்தா அவளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு வேகமாகக் கட்டிலுக்குப் போய்க் கம்பளியை இழுத்து எறிந்தாள்.

பாதத்தில் வெள்ளைத்துணி சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் பாதிவரை தோல் ஊதாவாக மாறியிருந்தது. இரண்டு இடத்தில் கறுத்த நீர்க்கொப்புளம். காலையில் அது இல்லை. சுகிர்தா விரலை வைத்து லேசாக அழுத்தினாள். தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று ஏதோ உடைகிற மாதிரி இருந்தது. காற்று. தசையைத் தின்கிற கிருமி உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பற்றி அதற்கு என்ன கவலை? கத்தி வைத்து எடுக்கிறவரை எத்தனை பை ஏற்றினாலும் அது நிற்காது.

"சர்ஜன் குரூஸ் சாரைக் கூப்பிடுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல யார் இருந்தாலும் இறக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

குரூஸ் பத்தே நிமிடத்தில் வந்தார். காலைப் பார்த்ததும் முகம் மாறியது. படம் ஒன்று எடுத்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"ஒன்பதே முக்கால்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போய் லிங்கதுரையிடம் அவரே பேசினார். லிங்கதுரை கதவுக்குப் பக்கத்தில் நின்று, "உசுரு இருந்தாப் போதும் சார், உசுரு இருந்தாப் போதும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது சுகிர்தாவுக்குக் கேட்டது.

ஒன்றேகாலுக்கு அறுவை தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மணிக்கு சண்முகக்கனி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். நாலரைக்குச் சிறுநீர்ப் பையில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. ஆறு மணிக்கு மருந்தின் அளவைக் குறைத்தார்கள். ஆறு நாற்பது ஆனபோது சுகிர்தா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாற்பத்தொன்று ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து கோமு ஒரு டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சண்முகக்கனி கண் விழித்தாள். எட்டாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு சுகிர்தா ஆய்வில் அவள் பதிவை முடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. நோயாளி, சலைன், உயிருடன். இணைநிழல், ரிங்கர், மரணம். ஓரத்தில் இருந்த பட்டியலில் சலைனின் பக்கம் ஒன்று கூடியது.

சுகிர்தா மறுபடியும் சென்னைக்குப் போன் போட்டாள்.

"சார், இது சலைனோட கணக்குல ஏறக் கூடாது. நாங்க காலை எடுத்தோம். இணைநிழலுக்கு யாரும் எடுக்கல."

"பாத்தேன். குறிப்பு எழுதித் தனியா வெச்சிருக்கேன்." என்றார் பரஞ்சோதி. "வேற எதுவும் வேணுமா?"

"குரூஸ் சார் எடுத்த கால் படம் இருக்கு. அதையும் சேத்து இன்னொரு இணைநிழல் ஓட்ட முடியுமா? தண்ணி எதுவா வேணா இருக்கட்டும். காலை முன்னாடியே கீறித் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாக்கணும்."

"எதுக்கு?"

"பாக்கணும் சார்."

"யாரும் கேக்கலையே சுகிர்தா. கேக்காததைப் பாத்தா அதை யார்கிட்டயாவது சொல்லியாகணும்."

"தெரியும்."

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. சலைனில் ஒன்று, ரிங்கரில் ஒன்று என்று இரண்டு இணைநிழல்கள். பதினொரு மணிக்கு முன்பு காலைத் திறந்து சுத்தம் செய்தால் இரண்டுமே பிழைத்தன. இரண்டு கோடுகளையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. கடைசி வரியில், காலின் நிலை என்ற இடத்தில், இரண்டுக்கும் ஒன்றே போட்டிருந்தது. இரண்டு விரல்கள் இழப்பு. பாதம் காப்பாற்றப்பட்டது.

அதை அச்செடுத்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சுகிர்தா இரண்டு தடவை வார்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை உள்ளே போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். லிங்கதுரை பாத்திரம் கழுவப் போயிருந்தான். சண்முகக்கனி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"வாங்க டாக்டரம்மா. நானே கேக்கணும்னு இருந்தேன். என்னைய மாதிரியே ஒருத்திய உள்ள செஞ்சு வச்சிருக்கீகளாமே. இவுக கையெழுத்துப் போட்டாகளாம். அவ என்ன ஆனா?"

"இறந்துட்டா."

"ஏன்?"

"அவளுக்கு ஆபரேஷன் நடக்கல."

சண்முகக்கனி போர்வை மேலே மேடாகத் தெரிந்த ஒற்றைக் காலைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு காலோட செத்துட்டா."

"ஆமா."

"சரி" என்றாள். கொஞ்சம் ஆறுதல் வந்த மாதிரி இருந்தது அவள் குரல். சுகிர்தா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. சட்டம் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லணும்." தாளைப் பையிலிருந்து எடுத்தாள். பிரிக்கவில்லை. "அன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள உங்க காலைத் திறந்து பாத்திருந்தா, ரெண்டு விரல் மட்டும்தான் போயிருக்கும்னு கணக்கு சொல்லுது. காயத்தை மூடிட்டோம். கம்பளியைப் போத்திட்டோம். நான் பிரஷரையும் தண்ணியையும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். கால்ல மேல என்ன ஏறுதுன்னு பாக்கல. அது என் தப்பு."

சண்முகக்கனி மடித்திருந்த தாளைப் பார்த்தாள். அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது.

"பதினோரு மணிக்குள்ளயா?"

"ஆமா."

"நான் சொன்னேனே டாக்டரம்மா."

சுகிர்தாவுக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"கால்தான் கொல்லுதுன்னு. ரெண்டாவது பைய மாட்டுனீக பாருங்க, அப்ப. வாய் குழறுச்சு, ஆனா சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். புண்ணு வலி இல்ல, மேல, கெண்டக்காலுக்குள்ள எவனோ கத்தியப் போட்டுத் திருவுத மாதிரி இருக்குன்னு. நீங்க அந்த டிவியப் பாத்துக்கிட்டே, தண்ணி ஏறுனா சரியாப் போயிரும்னு சொன்னீக."

சுகிர்தா யோசித்துப் பார்த்தாள். பத்தரை மணி. இரண்டாவது பை. பிரஷர் தொண்ணூறு. துடிப்பு நூற்றிருபத்தெட்டு. எண்கள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தன. அந்தக் குரல் இல்லை. இயந்திரத்தின் பதிவிலும் அது இருக்காது. எந்த இணைநிழலுக்கும் அது சொல்லப்படவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

"எனக்கு இருக்கு."

சண்முகக்கனி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. சுகிர்தா நின்ற இடத்திலேயே நின்றாள். போகச் சொன்னால் போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

"இப்பவும் வலிக்கி" என்றாள் சண்முகக்கனி, முகத்தைத் திருப்பாமலே. "எடுத்துட்டீகள்ல, அந்தப் பாதம்தான் வலிக்கி. இவுககிட்ட சொன்னா, இல்லாத காலு எப்படிட்டி வலிக்கும்னு கேக்காக. நர்சம்மா மாத்திரை தந்தாக, கேக்கல."

சுகிர்தா கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல வலிக்குது?"

சண்முகக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். வெறும் மெத்தையின் மேல் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கன. பெருவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல."

"எப்படி இருக்கு? சொல்லுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள்.